பழைய காரில சார்ஜ் ஏறேல்லையோ? பற்றரியைக் கடைசியாப் பாருங்கோ

வவுனியாவில இருந்து பரந்தன் வரைக்கும் எந்தக் கராஜுக்குப் போனாலும் பழைய கார் வச்சிருக்கிற ஆக்கள் சொல்லுற முதல் வசனம் "சார்ஜ் ஏறுதில்லை", ரெண்டாவது வசனம் "பற்றரி போட்டுது போல". பிறகு காசைக் குடுத்து புதுப் பற்றரி ஒண்டு வாங்கிப் பூட்டுவினம், அது கடையிலேயே முழுச் சார்ஜோட வந்ததால ஒரு கிழமை வடிவா ஓடும், "நான் அப்பவே சொன்னனான் பற்றரிதான் எண்டு" எண்டு ஒரு பெருமைக் கதையும் நடக்கும், அடுத்த கிழமை கோயிலடியில நாலு பெடியள் சேர்ந்து காரைத் தள்ளிக்கொண்டு நிப்பினம். புதுப் பற்றரியும் போட்டுதாம்!

உண்மையில பற்றரி பாவம். அது தனக்குக் குடுத்ததைத்தான் திருப்பித் தரும். குடுக்க வேண்டியது வேற சாமான், அதை ஒருத்தரும் திறந்து பாக்கிறேல்ல.

நான் இதில சொல்லப் போறது டைனமோ பூட்டின கார்களைப் பற்றி, அதாவது ஒஸ்ரின் ஏ-40, சோமசெற், கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் மாதிரி 1940கள் தொடங்கி 1960கள் வரைக்கும் வந்த பிரிட்டிஷ் கார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோலில ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடாக மண்ணெண்ணெய்க்கு மாத்தி வன்னிக்குள்ள ஓடினதும் இந்தக் கார்கள்தான், இண்டைக்கு கலியாண வீட்டுக்குப் பூமாலை கட்டி எடுக்கிறதும் இதைத்தான். புதுக் கார் மட்டும் பழகின பெடியளுக்கு இதின்ர சார்ஜ் முறை விளங்காது, ஏன் எண்டால் புதுசில டைனமோவே இல்லை. பழைய மெக்கானிக் அண்ணைமாருக்கு கை பழகியிருக்கும், ஆனால் ஏன் அப்பிடிச் செய்யிறம் எண்டு சொல்லித்தர நேரம் இருக்காது. அதால அடியில இருந்து பாப்பம்.

கிணறு, மிசின், தாங்கி

வீட்டில ஒரு தண்ணித் தாங்கி உயரத்தில வச்சிருக்கிறியள் எண்டு வைப்பம். கிணத்தில இருந்து இறைக்கிற மிசின் தண்ணியை ஏத்தும், தாங்கி சேர்த்து வச்சிருக்கும், குசினியிலயும் கக்கூசிலயும் பைப்பைத் திறந்தால் தாங்கியில இருந்து வரும். மிசின் ஓடேக்க பைப்புக்குப் போறதும் தாங்கிக்கு ஏறுறதும் ரெண்டும் அதின்ர வேலைதான். மிசின் நிண்டால் தாங்கி மட்டும்தான். பைப்பில தண்ணி வரேல்ல எண்டு தாங்கியைக் கழட்டி எறிஞ்சிட்டு புதுத் தாங்கி வைக்கிற ஆளை ஊரில என்னண்டு சொல்லுவினம்?

காரில தாங்கிதான் பற்றரி. மிசின்தான் டைனமோ, அதைச் சுத்துறது இஞ்சின்ர முன்பக்கத்து பெல்ட். பைப்புகள் எண்டால் லைற், ஹோர்ன், வைப்பர், இஞ்சினுக்கு நெருப்புப் பொறி குடுக்கிற கொயில், எல்லாத்துக்கும் மேல ஸ்ராட்டர். ஸ்ராட்டர் எண்டது சும்மா பைப் இல்லை, தாங்கியின்ர அடியை உடைச்சு விட்ட மாதிரி, ரெண்டு மூண்டு செக்கனுக்கு 100 அம்பியருக்கு மேல இழுக்கும். கொயிலுக்கு மூண்டு நாலு அம்பியர் காணும். அதாலதான் ஸ்ராட்டர் "டிக்" எண்டு மட்டும் சொல்லுற நேரத்திலயும் முன்னால ஹாண்டிலைப் போட்டுச் சுத்தினால் கார் பிடிக்குது. ஹாண்டிலில பிடிக்கிற காருக்குப் பற்றரி தேவையில்லை எண்டு சிலபேர் நினைக்கினம், அது பிழை, பொறிக்கு அந்தக் கொஞ்சம் வேணும்தான்.

ரெண்டு சொல்லை இதோட விளங்கிக்கொள்ளுங்கோ. வோல்ட் எண்டது தள்ளுற அமுக்கம், தாங்கி எவ்வளவு உயரத்தில இருக்கு எண்டது போல. அம்பியர் எண்டது உண்மையில ஓடுற அளவு. அமுக்கம் எந்தப் பக்கம் கூடவோ அங்க இருந்து குறைஞ்ச பக்கத்துக்கு ஓடும். முழுச் சார்ஜில, இஞ்சின் நிப்பாட்டி கொஞ்ச நேரம் விட்ட பற்றரியில 12.6 வோல்ட் இருக்கும், அரைவாசி எண்டால் 12.2 போல, 12க்கு கீழ போனால் கிட்டத்தட்ட வெறுந்தாங்கி. ஆகவே டைனமோ பற்றரிக்குள்ள ஏதும் ஏத்திறது எண்டால் அதை விடக் கூடின அமுக்கத்தில தள்ள வேணும், 13இல இருந்து 14.5 வரைக்கும்.

இவ்வளவும் பிடிபட்டால் பாதி விசயம் முடிஞ்சுது. சார்ஜ் ஏறேல்லை எண்டால் கேள்வி ஒண்டுதான்: மிசினுக்கும் தாங்கிக்கும் இடையில எந்த இடத்தில ஓட்டம் நிக்குது?

டைனமோவுக்குள்ள என்ன நடக்குது

சைக்கிள் டைனமோவை எல்லாருக்கும் தெரியும். பற்றரி வரவிடாத அந்த வருசங்களில சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைச் சுத்திச் சுத்தி றேடியோவில செய்தி கேட்ட சனம் நாங்கள். அதுக்குள்ள ஒரு காந்தம் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில சுத்தும், காந்தம் அசைய அசைய கம்பியில கரண்ட் பிறக்கும், நிப்பாட்டினால் இல்லை. அடிப்படை அவ்வளவுதான்.

கார் டைனமோவில இதே விசயம் கொஞ்சம் திருப்பி இருக்கு. சுத்துறது கம்பிச் சுருள், அதுக்குப் பேர் ஆமேச்சர். சுத்தாமல் வெளி உடம்போட ஒட்டி நிக்கிறது காந்தம், ஆனால் அது சைக்கிளில இருக்கிற மாதிரி நிரந்தரக் காந்தம் இல்லை, இரும்பில கம்பி சுத்தி கரண்ட் குடுத்து உண்டாக்கிற காந்தம். அந்தக் கம்பிக்குப் பேர் பீல்ட் கொயில். ஏன் இந்தச் சுத்துமாத்து எண்டால், கரண்டைக் கூட்டிக் குறைச்சால் காந்தத்தின்ர பலமும் கூடிக் குறையும், அப்ப டைனமோவை அடக்கி ஆளலாம். நிரந்தரக் காந்தத்தை அப்பிடி அடக்க ஏலாது.

இப்ப ஒரு நியாயமான சந்தேகம் வரும். காந்தம் வர கரண்ட் வேணும், கரண்ட் வர காந்தம் வேணும், அப்ப முதல் ஆர்? இறைக்கிற மிசினுக்கு முதல்ல கொஞ்சம் தண்ணி ஊத்தினால்தான் அது இழுக்கத் தொடங்கும், தெரியும்தானே. டைனமோவில அந்த முதல் தண்ணி எண்டது இரும்பில மிஞ்சிக் கிடக்கிற காந்தம். கரண்ட் நிண்ட பிறகும் இரும்பு ஒரு சொட்டுக் காந்தத்தை மறக்காமல் வச்சிருக்கும். ஆமேச்சர் சுத்தேக்க அந்தச் சொட்டால ஒரு வோல்ட் போல பிறக்கும், அது பீல்ட் கொயிலுக்குப் போய் காந்தத்தைக் கூட்டும், கூடின காந்தம் கூடின வோல்ட்டைத் தரும், இப்பிடி ஒண்டை ஒண்டு தூக்கி விட்டு மேல போகும். வருசக்கணக்கா மரத்துக்குக் கீழ கிடந்த காரில இந்த மிச்சக் காந்தம் சிலவேளை போயிருக்கும். டைனமோ நல்லது, கரண்ட் மட்டும் வராது. இதுக்கு வைத்தியம் பின்னால வருது.

சுத்துற ஆமேச்சரில இருந்து கரண்டை வெளியில எடுக்கிறது எப்பிடி? அதின்ர ஒரு முனையில செம்புத் துண்டுகளால ஆன வளையம் ஒண்டு இருக்கு, கொமியூற்றேற்றர் எண்டு சொல்லுறது. அதில ரெண்டு காபன் கட்டை ஸ்பிறிங்கால அழுத்திக்கொண்டு நிக்கும். தேயிறது இதுதான். எங்கட கிரவல் ரோட்டுப் புழுதி உள்ள போனால் இன்னும் கெதியாத் தேயும். லூக்காஸ் கொம்பனியின்ர சி-39, சி-40 எண்ட டைனமோக்கள்தான் இந்தக் கார்களில கனக்க இருக்கிறது, சி-39 கூடினது 19 அம்பியர் தரும், சி-40/1 எண்டால் 22. இந்த 19ஐ மனதில வச்சிருங்கோ.

கறுப்பு மூடி போட்ட பெட்டி

பொனற்றைத் திறந்தால் கறுப்பு மூடியோட ஒரு பெட்டி இருக்கும், கராஜில பொதுவா "கட்டவுட்" எண்டு சொல்லுவினம். உண்மையில உள்ள இருக்கிறது ரெண்டு வேறவேற வேலைக்காரர், ரெண்டையும் ஒரே பேரில கூப்பிடுறதாலதான் கனக்கக் குழப்பம் வருது.

ஒருத்தர் கட்டவுட். மிசின் நிண்ட உடன தாங்கித் தண்ணி திரும்பிக் கிணத்துக்கு இறங்காமல் ஒரு வால்வு பிடிக்குமே, அந்த வேலை. டைனமோ 13 வோல்ட் போல எட்டினால் உள்ளுக்க இருக்கிற சின்னக் காந்தம் இழுத்து ஒரு கொன்ராக்ற்றை மூடும், பற்றரிக்குப் பாதை திறக்கும். இஞ்சின் மெதுவாகி டைனமோ இறங்கினால் கொன்ராக்ற் விடுபடும். விடுபடாட்டி என்ன? பற்றரி டைனமோவுக்குள்ள திருப்பி ஓடும், டைனமோ மோட்டர் மாதிரிச் சுத்தப் பாக்கும், பெல்ட் பிடிச்சிருக்கிறதால சுத்தேலாமல் வயர் எல்லாம் சூடாகும். சாவியை எடுத்த பிறகும் பொனற்றுக்குள்ள புகை மணம் வந்தால் ஒண்டும் யோசிக்காமல் பற்றரி முனையைக் கழட்டுங்கோ. அதுக்காகவே ஒரு ஸ்பானரை கைக்கெட்டின இடத்தில வச்சிருக்கிறது நல்லம்.

மற்றவர் ரெகுலேற்றர், தாங்கி நிரம்பி வழியப் போகேக்க மிசின்ர வேகத்தைக் குறைக்கிற ஆள். வோல்ட் கூடினால் பீல்ட் கொயிலுக்குப் போற கரண்டை வெட்டி, ஓட்டத்தைக் குறைக்கிற ஒரு ரெசிஸ்டருக்கால சுத்தி விடும், குறைஞ்சால் திரும்ப நேராக் குடுக்கும். இதை ஒரு செக்கனுக்குள்ள எத்தினையோ தரம் திறந்து மூடிச் செய்யுது, காதை வச்சால் ஒரு சின்ன ரீங்காரம் கேக்கும். கொம்பியூட்டர் ஒண்டும் இல்லாமல் ஒரு ஸ்பிறிங்கும் கம்பியும் செய்யிற வேலையைப் பாருங்கோ.

பெட்டியின்ர முனைகளில எழுத்து அடிச்சிருக்கும். டி எண்டது டைனமோ தாற கரண்ட், எஃப் பீல்ட் கொயில், ஏ பற்றரிப் பக்கம், ஏ1 லைற், சாவி எல்லாத்துக்கும், ஈ எண்டது எர்த், அதாவது காரின்ர இரும்பு உடம்பு. எல்லா மின்சாமானுக்கும் திரும்பி வாற பாதை அந்த உடம்புதான், தனியா ரெண்டாவது வயர் கிடையாது.

சுருக்கமா: டைனமோ பிறப்பிக்கும், கட்டவுட் திரும்பி ஓடாமல் தடுக்கும், ரெகுலேற்றர் மிஞ்சாமல் அடக்கும், பற்றரி சேர்த்து வைக்கும்.

சிவப்பு லைற் சொல்லுறதும் சொல்லாததும்

டாஷ்போட்டில இருக்கிற சிவப்புச் சின்ன லைற்றை எல்லாரும் நம்பினம், ஆனால் அது என்ன சொல்லுது எண்டு பிழையா விளங்கிக் கொண்டு நம்பினம். அந்த பல்ப்பின்ர ஒரு பக்கம் சாவிக்கால பற்றரிக்குப் போகுது, மற்றப் பக்கம் டைனமோவின்ர டி முனைக்கு. சாவியைப் போட்டு இஞ்சின் ஓடாமல் இருக்கேக்க டைனமோ பக்கம் அமுக்கம் பூச்சியம், ஆகவே பற்றரியில இருந்து பல்ப்புக்கால ஓடி லைற் பத்தும். டைனமோ ஏறி பற்றரியோட சமனாக வந்தால் ரெண்டு பக்கமும் ஒரே அமுக்கம், ஓட ஒண்டும் இல்லை, லைற் நூரும்.

அப்ப லைற் நூந்தது எண்டால் டைனமோ பற்றரி அளவுக்கு வந்திட்டுது எண்டு மட்டும்தான் அர்த்தம். பற்றரிக்குள்ள எவ்வளவு போகுது எண்டு அதுக்குத் தெரியாது. லைற் நூந்திருக்கத்தக்கதாகவே பற்றரி நாளுக்கு நாள் இறங்கிறது நடக்கக்கூடிய விசயம்தான்.

ஐடிலில லைற் மினுங்கினால் பயப்பிடாதேங்கோ. டைனமோவுக்கு அந்த வேகம் காணாது, அதின்ர பிறவிக் குணம் அது. கொஞ்சம் அக்சிலேற்றரை அமத்த நூந்தால் சரி. ஆனால் மங்கலாப் பத்திக்கொண்டு, வேகம் கூடக் கூட கொஞ்சம் பிரகாசமாகிக்கொண்டு போகுதோ, டைனமோ வேலை செய்யுது, கட்டவுட் மூடேல்லை அல்லது அதின்ர கொன்ராக்ற் எரிஞ்சு கறுத்துப் போச்சு. எந்த வேகத்திலயும் முழுசாப் பத்துதோ, டைனமோவே வரேல்ல, பெல்ட், காபன், வயர் எண்டு தேடுங்கோ. சாவி போட்டும் லைற் பத்தவே இல்லையோ, பல்ப் பியூஸ், இல்லாட்டி காபன் கொமியூற்றேற்றரில தொடாமல் நிக்குது. இதைக் கனபேர் "லைற் இல்லை, அப்ப நல்லம்" எண்டு விட்டிடுவினம்.

இனித் தேடுவம்

முதல் கண்ணும் கையும், பிறகுதான் மீற்றர். பெல்ட்டை நடுவில பெருவிரலால அமத்துங்கோ, அரை இஞ்சி போல உள்ள போனால் காணும். தளர்ந்த பெல்ட் மேல வழுக்கும், கூட இறுக்கினால் டைனமோவின்ர அச்சைப் பின்பக்கத்தில தாங்கிற வளையம், புஷ் எண்டு சொல்லுறது, தேஞ்சு ஆமேச்சர் உள்சுவரில உரசத் தொடங்கும். அந்தப் பின்பக்கத்தில ஒரு சின்ன எண்ணெய் ஓட்டை இருக்கு, இஞ்சின் ஒயில் ரெண்டு சொட்டு இடைக்கிடை விட வேணும். விட்டவையைக் காண்கிறது அருமை!

பற்றரி முனைகளில வெள்ளை பச்சையாப் பூத்திருந்தால் சுடுதண்ணி ஊத்திக் கழுவி, சுரண்டி, இறுக்கி, கொஞ்சம் வாசலின் பூசுங்கோ. வயர்களை வடிவாப் பாருங்கோ, எலியும் அணிலும் பொனற்றுக்குள்ள குடியிருந்த கார்கள் வன்னியில கனக்க, துணி சுத்தின பழைய வயர் எண்டால் அதுகளுக்கு இன்னும் விருப்பம்.

இப்ப மீற்றர். வோல்ட் அளக்கிற சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர் காணும். இந்தக் கார்களில கனக்க பொசிற்றிவ் எர்த், அதாவது பற்றரியின்ர பிளஸ் முனைதான் உடம்போட பூட்டியிருக்கும், இண்டைக்கு இருக்கிற கார்களுக்கு நேர் எதிர். மீற்றரில மைனஸ் காட்டினால் அதிர்ச்சியாகாதேங்கோ, இலக்கத்தை மட்டும் பாருங்கோ. ஆனால் ஜம்பர் வயர் போடேக்கயும், சார்ஜர் போடேக்கயும், எல்ஈடி, போன் சார்ஜர் எண்டு புதுச் சாமான் பூட்டேக்கயும் இதை மறந்தால் செலவுதான்.

இரவு நிப்பாட்டின காரின்ர பற்றரியை விடிய அளவுங்கோ. பிறகு ஸ்ராட் பண்ணி, ஐடிலை விடக் கொஞ்சம் கூட்டிப் பிடிச்சு, பற்றரி முனையிலேயே திரும்ப அளவுங்கோ. 12.4 இருந்தது 13.5 ஆச்சுதோ, ஏறுது. அசையாமல் நிக்குதோ, இல்லாட்டி இறங்குதோ, ஏறேல்ல. இந்த ஒரு அளவை ஒரு நிமிச வேலை, அதைச் செய்யாமல் பற்றரி வாங்கப் போறதுதான் எனக்கு விளங்காத விசயம்.

ஏறேல்ல எண்டால் டைனமோவைத் தனிய விசாரிக்க வேணும். டைனமோவில ரெண்டு முனை இருக்கும், பெரிசு டி, சின்னன் எஃப். ரெண்டு வயரையும் கழட்டி, எது எங்க எண்டு அடையாளம் வச்சு, உடம்பில முட்டாமல் ஒதுக்கி விடுங்கோ. பிறகு டைனமோவின்ர ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால சேருங்கோ. மீற்றரின்ர ஒரு கம்பி அதில, மற்றது டைனமோவின்ர உடம்பில. இஞ்சினை ஸ்ராட் பண்ணி ஐடிலில இருந்து மெல்ல மெல்லக் கூட்டுங்கோ. நல்ல டைனமோ எண்டால் வோல்ட் துள்ளாமல் ஒரே சீராக் கெதியா ஏறும். 20 வோல்ட்டுக்கு மேல போக விடாதேங்கோ, இப்ப அடக்கிறதுக்கு ரெகுலேற்றர் இல்லை, இஞ்சினை உறும விட்டால் டைனமோ எரியும்.

இலக்கம் கதை சொல்லும். ஒண்டுமே இல்லையோ, காபன் கட்டையைப் பாருங்கோ, தேஞ்சிருக்கும் அல்லது இறுகிக் கிடக்கும். ஒரு வோல்ட் போல மட்டும் நிக்குதோ, மிச்சக் காந்தம் வேலை செய்யுது, பீல்ட் கொயில் உதவேல்ல, அதின்ர கம்பி எங்கயோ அறுந்திருக்கும். நாலு அஞ்சு வோல்ட்டில நிண்டிட்டுதோ, ஆமேச்சரில சந்தேகம், அது வைண்டிங் செய்யிற ஆளிட்டப் போற வேலை. காபன் 9 மில்லிமீற்றருக்குக் கிட்ட வந்தால் மாத்துங்கோ. கொமியூற்றேற்றர் கறுத்திருந்தால் பெற்றோல் தோய்ச்ச துணியால துடைச்சு, தேவையெண்டால் மெல்லிய மண்கடதாசியால தேய்க்கலாம். எமரிக் கடதாசி மட்டும் வேண்டாம், அதின்ர துகள் செம்புத் துண்டுகளுக்கு இடையில போய்ச் சிக்கும்.

டைனமோ நல்லாத் தருகுது எண்டால் அதைப் புழுதி தட்டிப் பூட்டிப்போட்டு அடுத்த இடத்துக்கு வாங்கோ. வயர் ரெண்டையும் டைனமோவில திரும்பப் பூட்டி, அதுகளின்ர மற்ற முனையை கறுப்புப் பெட்டியில கழட்டி அங்க சேர்த்து அதே சோதனை. டைனமோவில வந்தது இங்க வரேல்லையோ, இடையில வயர் அறுந்திருக்கு, ஐஞ்சு அடி வயரோட பிரச்சினை முடிஞ்சுது. இங்கயும் வந்தால் பெட்டியில பிழை. எல்லாத்தையும் பழையபடி பூட்டி, மூடியைக் கழட்டி இஞ்சினைக் கூட்டிப் பாருங்கோ, கட்டவுட் மூடுதோ இல்லையோ எண்டு கண்ணாலயே தெரியும்.

பெட்டியின்ர ஸ்குறூவைத் திருகிப் பாக்கிற வேலை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கொன்ராக்ற் கறுத்ததாலயோ ஈ வயர் துருப்பிடிச்சதாலயோ வந்த பிழையை ஸ்குறூவால திருத்தப் போனால் ரெண்டு பிழை ஆகும். சாவியைப் போட்டபடி இஞ்சின் ஓடாமல் நிண்டு யோசிக்கிறதும் வேண்டாம், கொயில் சும்மா சூடாகும்.

இதில பாத்த ஒழுங்கு: பெல்ட், முனைகள், பற்றரி அளவு, டைனமோ தனிய, வயர், பெட்டி. நடுவில எங்க கரண்ட் நிண்டாலும் அதுக்கு முன்னுக்கு இருக்கிறதெல்லாம் நிரபராதி.

எர்த் எண்ட ஒளிஞ்ச கள்ளன்

பெட்டியின்ர ஈ முனை உடம்போட வடிவாச் சேராட்டி ஒரு விசித்திரம் நடக்கும். ரெகுலேற்றருக்கு வோல்ட் எவ்வளவு எண்டு தெரியாமல் போகும், தெரியாட்டி அடக்காது, அப்ப சார்ஜ் ஏறாமல் இல்லை, அளவுக்கு மிஞ்சி ஏறும். பற்றரித் தண்ணி அடிக்கடி குறையும், பல்ப் பியூஸாகிக்கொண்டே இருக்கும், ஆசிட் மணக்கும். தண்ணி குறைஞ்சால் டிஸ்டில் வாட்டர் மட்டும் விடுங்கோ, எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலிலயே வெள்ளைப் படை கட்டுற தண்ணி, அது பற்றரித் தட்டுக்கு விசம். அந்த நேரம் பக்கத்தில சிகரட்டும் வேண்டாம், சார்ஜ் ஏறேக்க வாற ஐதரசன் வெடிக்கும்.

இஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையில இருக்கிற எர்த் பட்டியையும் பாருங்கோ. ஹெட்லைற்றைப் போட்டு, பற்றரியின்ர எர்த் முனைக்கும் பொடியின்ர துருவில்லாத இரும்புக்கும் இடையில அளவுங்கோ, பிறகு ஸ்ராட்டரை அடிக்கச் சொல்லிப்போட்டு இஞ்சின் இரும்பில அளவுங்கோ. பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேணும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினால் அந்தப் பாதையில துரு குந்திக்கொண்டு இருக்கு.

மறந்து போன காந்தம்

டைனமோச் சோதனையில ஒண்டுமே வரேல்ல, ஆனால் காபன் நல்லம் எண்டால் மிச்சக் காந்தம் போயிருக்கலாம். டைனமோவை எஃப் வயர் கழட்டின நிலையில வச்சு, பற்றரியின்ர எர்த் இல்லாத முனையில இருந்து ஒரு வயரை எடுத்து, டைனமோவின்ர எஃப் முனையில ஒரு செக்கன் தொட்டுத் தொட்டு எடுங்கோ. சின்னப் பொறி வரும், ரெண்டு அம்பியர் போலதான், ஆனால் பெற்றோல் ஒழுக்கு இருந்தால் அதை முதல் பாருங்கோ. வேற காரில இருந்து எடுத்த டைனமோவைப் பூட்டினாலும், எர்த்தைப் பொசிற்றிவில இருந்து நெகற்றிவுக்கு மாத்தினாலும் இதைச் செய்ய வேணும், இல்லாட்டி டைனமோ எதிர்ப்பக்கமாகத் தரும், கட்டவுட்டும் பற்றரியும் அடி வாங்கும்.

எல்லாம் சரி, அப்பவும் பற்றரி இறங்குது

இதுதான் இப்ப கூடக் காணுற கதை, ஒரு சாமானும் பழுதில்லை, கணக்குத்தான் பிழை. மாரி மழையில ஒட்டுசுட்டானில இருந்து இரவு வாறியள் எண்டு வைப்பம். ஹெட்லைற்றுக்கு 60 வொட் ஹலஜன் ரெண்டு போட்டிருக்கிறியள், 120 வொட், பன்ரெண்டால பிரிச்சால் 10 அம்பியர். பின் லைற், பக்க லைற், நம்பர் பிளேற் லைற் ரெண்டு. கொயில் நாலு. வைப்பர் மூண்டு. எல்லாம் 19. சி-39 முழுப் பலத்தில தாறது எவ்வளவு? அதே 19தான். பற்றரிக்கு ஏற ஒரு சொட்டும் மிச்சமில்லை. மாடு படுத்திருக்கிற ரோட்டில மெதுவாப் போகேக்க அந்த 19உம் வராது, அப்ப பற்றரிதான் குடுக்குது. இதோட பாட்டுப் பெட்டியும் போன் சார்ஜரும் எண்டால் சொல்லவே தேவையில்லை.

கலியாணக் காருக்கும் இதே வருத்தம் வேற விதத்தில வரும். வீட்டில இருந்து கோயிலுக்கு, கோயிலில இருந்து மண்டபத்துக்கு, ஒவ்வொரு இடத்திலயும் நிப்பாட்டி ஸ்ராட், இடையில ஓடுற பத்து நிமிசத்தில ஸ்ராட்டர் எடுத்ததைத் திருப்பிக் குடுக்க நேரமில்லை. பிறகு ரெண்டு மாசம் கொட்டிலுக்குள்ள. அப்பிடி நிக்கிற காரில எங்கயும் கரண்ட் ஒழுகுதோ எண்டு பாக்க, எல்லாத்தையும் நூத்து, பற்றரியின்ர ஒரு முனையைக் கழட்டி, முனைக்கும் வயருக்கும் இடையில ஒரு சின்ன பல்ப்பைப் பிடியுங்கோ. பத்தினால் ஒழுக்கு இருக்கு, முதல் சந்தேகம் ஒட்டிப்போன கட்டவுட்.

ஓல்ரனேற்றருக்கு மாத்தலாமோ?

ஓல்ரனேற்றர் எண்டது புதுக் கார்களில இருக்கிறது, ஐடிலிலயும் சார்ஜ் தரும், உள்ளுக்குள்ள கரண்டை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓட விடுற டயோட் இருக்கிறதால தனிக் கட்டவுட் தேவையில்லை. தினமும் இரவில ஓடுற காருக்கு மாத்தினால் நான் குறை சொல்ல மாட்டன். மாதத்தில ரெண்டு தரம் வெளியில எடுக்கிற காருக்கு அது வீண் செலவு, ஹெட்லைற்றை எல்ஈடிக்கு மாத்தினாலே அந்த 10 அம்பியரில பாதிக்கு மேல மிஞ்சும், பொசிற்றிவ் எர்த்துக்குப் பொருந்துற பல்ப்போ எண்டு கேட்டு வாங்குங்கோ.

மாத்திறது எண்டு முடிவெடுத்தால் பொதுவா நெகற்றிவ் எர்த்துக்கும் சேர்த்து மாத்த வேண்டி வரும். அம்பியர் மீற்றர் இருந்தால் அதின்ர வயரும், கொயிலின்ர ரெண்டு வயரும் இடம் மாறும். பழைய டி வயர் 19, 22 அம்பியருக்குப் போட்டது, 40 அம்பியர் தாற ஓல்ரனேற்றரை அந்த வயரிலேயே கொழுவி விட்டால் அது சூடாகி உருகும், ஆகவே பற்றரிக்கு நேரா ஒரு தடிச்ச புது வயர் இழுக்கச் சொல்லி, அது இழுத்த பிறகு காசைக் குடுங்கோ.